எட்டு மணி நேரத் தூக்கமும் பழவேற்காட்டு ஏரியும்

நாள்தோறும் ஒரே நேரத்தில் படுக்கைக்குச் செல்லுங்கள். அறை இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருக்கட்டும். எட்டு மணி நேரம் உறங்குங்கள். உடல்நலப் பத்தி எதைப் புரட்டினாலும் இந்த மூன்று அறிவுரைகளும் உங்கள் கண்ணில் படும். மூன்றும் அறிவியலுக்கு முரணானவை அல்ல. ஆனால் இவற்றை எழுதுகிறவரின் மனத்தில் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் மாதச் சம்பளக்காரர். தனி அறை உடையவர். காலையில் ஒரே நேரத்தில் வேலைக்குப் புறப்படுகிறவர். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த அறிவுரையைச் சொல்லிப் பாருங்கள். முதல் வாக்கியத்திலேயே இடறும்.

ஏன் என்று பார்ப்போம். ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் நீர் ஏறுவதும் வற்றுவதும் நிலவின் ஆட்சி. நிலவுக் கணக்கில் ஒரு நாள் என்பது 24 மணி 50 நிமிடம். இன்றிரவு 10 மணிக்கு நீர் வற்றத் தொடங்கினால், நாளை ஏறத்தாழ 10.50க்கு; ஒரு வாரம் கழித்து விடியற்காலை 4 மணிக்குச் சற்று முன்பு. இறால் இனங்கள் பல பகலில் சேற்றில் பதுங்கி, இருட்டியபின் நடமாடுபவை. கடலை நோக்கி ஓடும் நீரோட்டத்தில் வலை கட்டி அவற்றைப் பிடிப்பவர், கடிகாரத்தைப் பார்த்து எப்படிப் படுப்பார்?

உடலுக்குள் இருக்கும் கடிகாரமோ சூரியனைப் பின்பற்றுவது. பகல் வெளிச்சம் கண்வழியே மூளைக்குச் சென்று அதை நாள்தோறும் திருத்தி வைக்கிறது. செல்லுக்குள் அந்தக் கடிகாரம் இயங்கும் விதத்தைக் கண்டறிந்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் ஆகிய மூவருக்கும் 2017இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. இரவெல்லாம் உழைத்துவிட்டுக் காலையில் படுப்பவருக்கு, உடல்வெப்பம் ஏறிக்கொண்டிருக்கும் வேளையில் தூக்கம் குறுகிவிடுகிறது. நிலவு ஒரு பக்கம் இழுக்க, சூரியன் மறுபக்கம் இழுக்கிறது. நடுவில் நிற்பவரிடம் ‘ஒழுங்கான பழக்கம்’ இல்லை என்று குறை சொல்வது எளிது.

இந்த இடத்தில் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வைப் பார்க்க வேண்டும். பெசோன், ராவ், ஷில்பாக், ஸ்கோஃபீல்டு, தோமா என்னும் பொருளியல் ஆய்வாளர் ஐவர் 2021இல் வெளியிட்டது. குறைந்த வருவாயுள்ள 452 பேரைக் கணிப்பொறியில் தகவல் பதியும் வேலையில் ஒரு மாதம் அமர்த்தினார்கள். மணிக்கட்டில் கட்டிய கருவி அவர்களின் தூக்கத்தை அளந்தது. படுக்கையில் கிடந்தது ஏறத்தாழ 8 மணி நேரம்; உறங்கியது சராசரி ஐந்தரை மணி நேரம்! கொசு, புழுக்கம், இரைச்சல் எல்லாம் சேர்ந்து மீதியைத் தின்றுவிட்டன.

அடுத்து, சிலருக்கு அறிவுரையும் காது அடைப்பான், கண்மறைப்பு, மின்விசிறி போன்ற பொருள்களும் தந்தார்கள். வேறு சிலருக்கு, அதிகம் தூங்கினால் பணமும் உண்டு என்றார்கள். இரவுத் தூக்கம் சராசரி 27 நிமிடம் கூடியது. பலன்? வேலைத்திறனிலும் அறிவுக்கூர்மையிலும் மனநிலையிலும் கண்டறியத்தக்க முன்னேற்றம் இல்லை. பெரும்பலன் வரும் என்று முன்கூட்டிச் சொல்லியிருந்த வல்லுநர்களின் கணிப்பு பொய்த்தது. மாறாக, பகலில் வேலையிடத்திலேயே அமைதியான ஓர் இடத்தில் அரைமணி நேரம் கண்ணயர விட்டபோது வேலைத்திறனும் மனநலமும் மேம்பட்டன.

நான் படித்த தூக்க ஆய்வுகளில் இதற்கு உயர்ந்த இடம் தருவேன். தூக்கத்தை ஆய்வகத்து மெத்தையில் அல்லாமல், ஏழையின் வீட்டிலேயே போய் அளந்தார்களே, அதற்காக. ‘கூடுதல் நேரம் படுத்திரு’ என்னும் உபதேசம் இதில் தோற்றது என்றே சொல்வேன். ஆட்களுக்கு நல்ல பழக்கம் இல்லாமற் போகவில்லை. நல்ல தூக்கத்துக்கான இடம்தான் இல்லை. துண்டு துண்டாகக் கிழிந்த இரவில் இன்னும் 27 நிமிடம் ஒட்டுப்போட்டு என்ன பயன்?

ஆனாலும் இந்த ஆய்வை அப்படியே பழவேற்காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அங்கே அளக்கப்பட்டது உட்கார்ந்து தட்டச்சு செய்யும் திறன். சேற்றில் இடுப்பளவு நீரில் நின்று வலை இழுக்கும் தசைக்கு என்ன ஓய்வு வேண்டும் என்பதை அது சொல்லாது. ஒரு மாதம் என்பதும் குறுகிய காலம். இரத்த அழுத்தம், இதயநோய் போன்றவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வருபவை. இரவுப்பணி புற்றுநோயைத் தூண்டக்கூடும் என்று உலக நலவாழ்வு அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007இலும் மீண்டும் 2019இலும் வகைப்படுத்தியிருக்கிறது. ஆகவே ‘இரவுத் தூக்கம் முக்கியமில்லை, பகல் தூக்கம் போதும்’ என்று இந்த ஆய்வைக் காட்டி எவராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொன்றையும் ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. தூங்கிய அரைமணியை வேலைக்கு விட்டிருந்தால் அன்றைய வருமானம் சற்றுக் கூடுதலாக இருந்திருக்கும். கூலிக்காரர் ஏன் கண்ணயர்வதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை ஏது?

பழவேற்காட்டில் இதற்கு ஒரு பழைய மாற்று உண்டு. ‘பாடு’ என்பார்கள். நல்ல வலையிடங்களை ஊரார் முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும் ஏற்பாடு அது. உன் முறை வந்தால் நீ வலை கட்டலாம். முறை இல்லாத அன்று அந்த இடத்தில் எவ்வளவு இறால் ஓடினாலும் அது உனக்கில்லை. பங்கில் நியாயம் வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட முறைதான். யாருடைய தூக்கத்துக்காகவும் அல்ல. ஆயினும் ஒருவர் இன்று ஓய்ந்திருந்தால், அதே இடத்தை மற்றவர் தட்டிச் செல்வாரோ என்ற அச்சம் அதில் இல்லை. சென்னை ஆய்வு தர முடியாத ஒன்று அது.

ஆனால் பாட்டைப் போற்றுகிறவர்கள் அது யாருக்கு என்றும் கேட்க வேண்டும். பட்டினவர் குலத்து ஆண்களுக்கு அதில் உரிமை உண்டு. தண்ணீரில் தவழ்ந்து கையால் தடவியே இறால் பிடித்து, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு நகரும் இருளர் பெண்களுக்கு அதில் முறை கிடையாது. மீன் கூடையோடு விடியலில் சந்தைக்குப் போகும் பெண்ணுக்கும் இல்லை. கணவர் கரை திரும்பும் நேரம் நாள்தோறும் 50 நிமிடம் தள்ளிப்போகலாம், சந்தை தள்ளிப்போகாது. பிள்ளையின் பள்ளி மணியும் தள்ளிப்போகாது. நிலவின் கடிகாரம், சந்தையின் கடிகாரம், அடுப்பின் கடிகாரம் ஆகிய மூன்றுக்கும் ஈடுகொடுப்பவர் அவர்தான். பகலில் சற்றுச் சாயலாம் என்றாலோ, வெயிலைக் குடித்த காங்கிரீட் கூரைக்குக் கீழே உட்காரவே முடியாது.

எனவே அடுத்த ஆய்வு எங்கே நடக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. கரையோரம் காற்று வரும் பக்கமாகக் கீற்றுக் கொட்டகை ஒன்று போடுங்கள். கூடையை நம்பி விட்டுவிட்டுப் படுக்க ஒரு காவலும் வையுங்கள். நண்பகலில் அரைமணி நேரம், அதற்குமேல் வேண்டாம். ஆழ்ந்த உறக்கத்துக்குள் போய் எழுப்பினால் தலை கிறுகிறுக்கும். அந்த அரைமணிக்கான வருமான இழப்பையும் ஈடுசெய்யுங்கள். மணிக்கட்டுக் கருவியை மீன் விற்கும் பெண்களுக்கும் இருளர் பெண்களுக்கும் கட்டி, இரண்டு மழைக்காலங்கள் அளந்து பாருங்கள்.