'ஒவ்வாமை தராத பசை': மூன்று விளம்பரச் சொற்களும் அறிவியலும்

அறிவியலின் உடையை இரவல் வாங்கி அணிந்து வரும் விளம்பரச் சொற்கள் உண்டு. செயற்கை இமைமயிர் ஒட்டும் அழகு நிலையங்களில் பயன்படும் பசைப் புட்டிகளில் அத்தகைய மூன்றைக் காணலாம்: 'ஹைப்போஅலர்ஜெனிக்', 'பார்மால்டிஹைடு அற்றது', 'மருத்துவத் தரம்'. ஒட்டிக்கொண்டு வீடு திரும்பியபின் கண் சிவந்து இமை வீங்கித் துன்புறுவோர் பலர் இச்சொற்களை நம்பியே நாற்காலியில் அமர்ந்தவர்கள். ஆகவே இவற்றை ஆராய்வது பயனுடையது.

'ஹைப்போ' என்ற கிரேக்க முன்னொட்டுக்குக் 'குறைவான' என்பது பொருள், 'இல்லாத' என்பதன்று. சரி, எதைவிடக் குறைவு? ஒப்பிடும் பொருளைக் கூறாமல் 'குறைவு' என்று விடைத்தாளில் எழுதும் மாணவனுக்கு மதிப்பெண் கிடைக்காது. இக்கேள்வியை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமும் கேட்டது. போட்டிப் பொருள்களைவிடக் குறைந்த ஒவ்வாமையே விளைகிறது என்பதைச் சோதனையால் காட்டினால்தான் இச்சொல்லை அச்சிடலாம் என்று 1975-இல் விதி செய்தது. ஆல்மே, கிளினிக் என்ற இரு நிறுவனங்கள் வழக்குத் தொடுத்தன. 1977-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதி செல்லாதெனத் தீர்ப்பளித்தது. அன்று முதல் அந்நாட்டில் இச்சொல்லுக்குச் சட்டப்படியான வரையறை இல்லை. தயாரிப்பாளர் என்ன கருதுகிறாரோ அதுவே பொருள்!

அடுத்தது 'பார்மால்டிஹைடு அற்றது'. இப்பசைகளின் அடிப்படை சயனோஅக்ரிலேட். நாம் உடைந்த பொருள்களை நொடியில் ஒட்டப் பயன்படுத்தும் பசையின் இனமே. இது உலர்ந்து இறுகுவதில்லை. காற்றிலுள்ள ஈரம் பட்டதும் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கைகோத்து இறுகுகின்றன. அச்சங்கிலி பின்னர் நீரால் மெல்லச் சிதையும்போது வெளிவரும் பொருள்களில் ஒன்று பார்மால்டிஹைடு. ஆகவே புட்டியில் அது சேர்க்கப்படவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இமையருகே அது தோன்றாது என்பதற்கு அந்த உண்மை உறுதியாகாது.

மூன்றாவது 'மருத்துவத் தரம்'. அறுவை மருத்துவர்கள் தோற்காயங்களை ஒட்டச் சயனோஅக்ரிலேட்டைப் பயன்படுத்துவது மெய்தான். ஆனால் அங்குப் பெரிதும் பயன்படுபவை பியூட்டைல், ஆக்டைல் என்னும் நீண்ட கிளையுடையவை; அவை மெதுவாகச் சிதைவதால் தீங்கு குறைவு. இமைமயிர்ப் பசைகளில் பெரும்பாலும் இருப்பது குறுகிய கிளையுடைய எத்தில் வகை. குடும்பப் பெயர் ஒன்று என்பதால் குணமும் ஒன்றாகிவிடாது.

இனி, கண்ணில் நிகழ்வது என்ன? இரு வேறு தீங்குகளை ஒன்றெனக் கருதுவதே குழப்பத்துக்குக் காரணம்.

முதலாவது எரிச்சல். பசையின் ஆவி ஈரமுள்ள இடத்தை நாடிப் படிந்து இறுகும். காவல்துறை ஆய்வகங்களில் இதே ஆவியைக் கொண்டுதான் கண்ணுக்குப் புலப்படாத கைரேகைகளை வெண்மையாகத் தோன்றச் செய்கிறார்கள். கண்ணின் மேலுள்ள கண்ணீர்ப் படலமும் ஈரமே. ஒட்டும்போது கண் சிறிது திறந்திருந்தாலும் உடனே எரியும், நீர் வடியும். தேர்ந்த கையும் நல்ல காற்றோட்டமும் இதைக் குறைக்கும்.

இரண்டாவது ஒவ்வாமை. இது உடலின் தற்காப்பு அமைப்பு ஒரு பொருளைப் பகையென நினைவில் வைத்துக்கொள்வதால் வருவது. ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்தே இமை தடித்து அரிக்கும். சிலமுறை தொல்லையின்றி ஒட்டிக்கொண்டவருக்கும் அடுத்த முறை வரலாம். வந்தபின் ஒவ்வொரு முறையும் வரும். ஒட்டுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் இதைத் தடுக்க இயலாது. சில நிமிடத்தில் செய்யும் 'சோதனை' இதைக் காட்டாது என்பதும், 'போன தடவை ஒன்றும் ஆகவில்லையே' என்னும் வாதம் செல்லாது என்பதும் இதனால் விளங்கும்.

இமைமயிரின் நீளத்திலும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தார் 22 பாலூட்டிகளின் இமைமயிர்களை அளந்து, காற்றுச் சுரங்கத்திலும் சோதித்து 2015-இல் முடிவை வெளியிட்டனர். கண்ணின் அகலத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நீளம் இருக்கும்போது கண்ணீர் ஆவியாவதும் தூசி படிவதும் மிகக் குறைகின்றன. அதைவிட நீண்டால் மயிர்கள் காற்றைக் கண்ணை நோக்கித் திருப்பிவிடுகின்றன. கண் விரைவில் உலர்கிறது. இயற்கை காத்த அளவை மீறுவதற்கும் ஒரு விலை இருக்கிறது.

ஒட்டிக்கொள்வோர் எல்லாருக்கும் தீங்கு நேரும் என்று கூறவில்லை. அழகு செய்துகொள்வதும் குற்றமன்று. ஆனால் விரும்புவோர் விளம்பரச் சொல்லை விட்டுவிட்டுப் பசையிலுள்ள வேதிப்பொருளின் பெயரைக் கேட்க வேண்டும். சோதனை செய்தால், மயிரொன்றிரண்டை ஒட்டி இரண்டு நாளேனும் பொறுத்திருக்க வேண்டும். கண் வலித்தாலோ, பார்வை மங்கினாலோ, வெளிச்சம் கூசினாலோ மயிரைப் பிய்த்து இழுக்காமல் கண் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

வரையறை இல்லாத சொல் எவ்வளவு அழகாக ஒலித்தாலும் அது அறிவியல் சொல் ஆகாது.