சிகப்பு ரோஜாக்கள்: கொலைகாரனின் நியாயம்

அண்மையில் ராயப்பன்பட்டியில் ஒரு நண்பர் வீட்டில் ஐந்தாறு பேர் சேர்ந்து 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தை மறுபடியும் பார்த்தோம். 1978இல் வந்த படம். டைரக்டர் பாரதிராஜா தேனி அல்லிநகரத்துக்காரர். இளையராஜாவுக்கு ஊர் பக்கத்துப் பண்ணைப்புரம். '16 வயதினிலே', 'கிழக்கே போகும் ரயில்' இரண்டுக்கும் பிறகு, இவருக்குக் கிராமத்தை விட்டால் வேறு தெரியாது என்ற பேச்சுக்குப் பதிலாக எடுத்தது. பதில் சரிதானா என்று இப்போதாவது பார்க்கவேண்டும்.

படத்தின் பலம் கொஞ்சநஞ்சமல்ல. பெண்களைக் கொன்று தோட்டத்தில் புதைத்து மேலே ரோஜாச் செடி வைக்கிற திலீப்பை (கமல்ஹாசன்) கடைசி ரீல்வரை ஒளித்துவைக்கும் மலிவான உத்தி இதில் இல்லை. கொலைகாரன் யாரென்று நமக்குத் தெரியும். சாரதாவுக்குத்தான் (ஸ்ரீதேவி) தெரியாது. கல்யாணமாகி அந்தப் பங்களாவில் அவள் தனியாக இருக்கும் பகுதியில் வசனம் ஒதுங்கிக்கொள்கிறது. நிவாஸின் காமிராவும் இளையராஜாவின் ஒலியும், ஒலி நின்ற இடங்களும் பயத்தை உண்டாக்குகின்றன. கறுப்புப் பூனையும் ரோஜாச் செடியும் குறியீடு என்று கையை நீட்டிச் சொல்லாமலே நம்மைத் தொந்தரவு செய்கின்றன. பாட்டு இரண்டே. தமிழ் ஸினிமாவில் இது சின்ன விஷயமல்ல.

சரிவு பிளாஷ்பேக்கில் ஆரம்பிக்கிறது. அநாதைச் சிறுவனை ஒரு வீட்டுப் பெண் கெடுக்கப் பார்த்து, அகப்பட்டதும் பழியை அவன் மேல் போடுகிறாள். அடுத்த வீட்டில், மனைவியின் துரோகத்தைக் கண்ட கணவன் அவளைக் குத்திக் கொல்கிறான். சிறுவன் அதை உற்சாகப்படுத்துகிறான். ஒரு மனத்தின் சிதைவை இப்படிக் கணக்குப் போட்டு விளக்கியதும் பயம் போய்விடுகிறது. மிஞ்சுவது ஒரு வழக்கு; அதில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது பெண்.

இது கொலைகாரனின் நியாயம் மட்டுமாக இருந்திருந்தால் ஆட்சேபமில்லை. படத்தின் நியாயமும் அதுவே. கூப்பிட்டதும் வந்த பெண்கள் சாகிறார்கள். தாலி கட்டாமல் தொடவிடாத சாரதா பிழைக்கிறாள். திலீப்பின் தீர்ப்பும் டைரக்டரின் தீர்ப்பும் எங்கே பிரிகின்றன? கிராமத்தை விட்டு வெளியே வந்ததாகச் சொல்லப்பட்ட படம், ஊர்ப் பஞ்சாயத்தின் பழைய தீர்ப்பைக் கோட்டு சூட்டு மாட்டி அழைத்து வந்திருக்கிறது. 1980இல் வந்த பாலு மகேந்திராவின் 'மூடுபனி'யும் சிறுபிராயத்துக் காயத்தில்தான் காரணம் தேடுகிறது. ஆனால் அங்கே காயத்தின் மூலம் தகப்பனின் கொடுமை.

வாய்ப்பு கையிலேயே இருந்தது. திலீப் தன் கொலைகளைப் படமெடுத்து வளர்ப்புத் தகப்பனுக்குப் போட்டுக் காட்டுகிறான். இருட்டில் உட்கார்ந்து பெண்கள் சாவதை ரசிக்கும் அந்தக் கிழவர் யார்? டிக்கெட் வாங்கி வந்த நாம்தான். மைக்கேல் பவல் 1960இல் 'பீப்பிங் டாம்' படத்தில் இந்தக் கேள்வியைப் பார்வையாளன் முகத்துக்கு நேரே வைத்தார். பாரதிராஜா கிழவரைப் பைத்தியக்காரராக்கி நம்மைத் தப்பவிட்டுவிட்டார்.

அன்று அந்தப் பிளாஷ்பேக் ஓடும்போது எங்களில் ஒருவர், நன்றாகப் படித்தவர், "சரியாத்தான் சொல்றான்" என்றார். யாரும் மறுக்கவில்லை, நானும் உடனே மறுக்கவில்லை. படம் அந்த இடத்தில் தோற்றது என்பதற்கு எங்கள் மௌனத்தைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.