குளத்துத் தவளை

ஆஸ்திரேலியாவில் குழந்தைகளின் பிறந்தநாள் விருந்துகளில் 'குளத்துத் தவளை' என்றொரு இனிப்பு வரும். சிறு கண்ணாடிக் கோப்பையில் பச்சை ஜெல்லி. அதில் பாதி முங்கியபடி ஒரு சாக்லேட் தவளை. தவளையின் பெயர் ஃப்ரெடோ. 1930இல் மெல்போர்னின் மேக்ராபர்ட்சன் நிறுவனம் சாக்லேட்டில் எலி செய்ய நினைத்தது. பெண்களும் பிள்ளைகளும் எலிக்குப் பயப்படுவார்கள், தவளையே நல்லது என்றார் அங்கே அச்சு வார்த்துக்கொண்டிருந்த ஹாரி மெல்போர்ன் என்ற இளைஞர். எவ்வளவு அருமையான யோசனை! எலியாக இருந்திருந்தால் இந்தக் குளமே பிறந்திருக்காது.

குளத்தில் பழம் போடுவதில்தான் கைப்பக்குவம். ஜெல்லி நீர்த்திருக்கும்போது போட்டால் சில பழம் மிதக்கும், சில அடியில் தங்கும். முட்டை வெண்கரு பதத்துக்கு வந்ததும் பச்சைத் திராட்சையை இறக்கினால் நடுநீரில் அப்படியே நிற்கும். தவளை அதற்கும் பிறகுதான்; சூடு மிச்சமிருந்தால் சாக்லேட் உருகிக் குளம் கலங்கிவிடும்.

நிறப் பொருத்தத்துக்காகக் கிவி சேர்க்கத் தோன்றும். சமைக்காத கிவி வேண்டவே வேண்டாம். கிவி, அன்னாசி, பப்பாளி மூன்றிலும் புரதத்தைச் சிதைக்கும் நொதி உண்டு. ஜெல்லியை இறுக வைக்கும் ஜெலட்டின் ஒரு புரதம்; இந்தப் பழங்களைப் பச்சையாகச் சேர்த்தால் இரவெல்லாம் ஃப்ரிட்ஜில் இருந்தாலும் ஜெல்லி இறுகாது. டப்பா அன்னாசியால் தொல்லையில்லை, பதப்படுத்தும் சூட்டில் நொதி செயலிழந்திருக்கும். ஜெலட்டினுக்குப் பதிலாகப் பயன்படும் கடற்பாசி புரதமல்ல என்பதால் அதில் இந்தப் பழங்களையும் போடலாம். ஆனாலும் ஜெலட்டினின் சுகமே வேறு. உடல் சூட்டிலேயே உருகுவதால் நாக்கில் வைத்ததும் இளகும்; கோப்பையைத் தட்டினால் குளம் முழுக்க நடுங்கும், தவளையும் சேர்ந்தே ஆடும்.