காது வைத்துக் கேட்கும் வைத்தியம்

வலியசாலை அக்ரஹாரத்தில், கோயில் மணி ஓய்ந்த ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டு கம்ப்யூட்டரிலிருந்து விட்டுவிட்டு 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. பழுது பார்க்க வந்த பையன் ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. பெட்டியில் காது வைத்தான். "மாமா, இனிமே சும்மா சும்மா ஆன் பண்ணாதீங்கோ. மொதல்ல உள்ள இருக்கறத வெளியே எடுக்கணும்."

அந்த நிதானம்தான் இந்தத் தொழிலின் அழகு. ஹார்ட் டிஸ்க்கின் மூடிக்குள் நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலும் தட்டு. அதைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும் தலை. தன் இடம் பிடிபடாமல் தலை திரும்பத் திரும்பத் தேடுவதே பெரும்பாலும் அந்த டிக். டிஸ்க் தன் நோயைத் தானே குறித்தும் வைக்கிறது. 'ஸ்மார்ட்' என்ற அந்தக் குறிப்புப் பட்டியலில் 5ஆம் எண், கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197, படிக்க முடியாமல் காத்திருப்பவை. 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள் கோளாறு, டிஸ்க் பிழைத்தது! எங்களுக்கு முதல் இரண்டும் ஏறியிருந்தன.

டிடிரெஸ்க்யூவை ஓட்டினான். நல்ல பகுதிகளை முதலில் அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிப்பவற்றைக் கடைசிக்கு ஒதுக்கும் மென்பொருள் அது. நோயாளியைக் களைப்படையச் செய்யாத வைத்தியம் என்றே சொல்வேன். ராத்திரி முழுக்க ஓடியது. புது டிஸ்க்கைப் பொருத்தியது நாலு ஸ்க்ரூ வேலைதான்.

பழைய டிஸ்க்கில் இருந்த அப்பாவின் குரல் பதிவு பத்திரமாக வந்தது. உங்கள் பெட்டியில் டிக் கேட்டால், தயவுசெய்து முதலில் நகல் எடுங்கள்.