கை முதலில், கண் பிறகு

மேல்மலையனூர் மாசித் திருவிழாவில் பலூன் சுடும் கடைகள் வரிசையாக நிற்கும். செஞ்சிக்காரர்களான எங்களுக்கு அங்காளம்மன் தரிசனம் முடிந்ததும் அடுத்த போக்கிடம் அதுதான். அப்பா பத்துக் குண்டுக்குக் காசு கொடுப்பார். கடைக்காரரின் ஏர்கன் எப்போதும் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். இரண்டு குண்டு வீணான பிறகு அது புரிந்துவிடும்; மூன்றாவதிலிருந்து பலூனுக்கு வலப்பக்கம் குறிவைப்பேன். வெடித்த பலூன்களைவிட, அந்த இழுப்பைக் கண்டுபிடித்த நொடிதான் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது.

ஊருக்குத் திரும்பினால் கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளையும் இணைத்து ஓடும் மதில். துப்பாக்கிக் குழலை நுழைத்துச் சுடுவதற்காக அதில் விட்டிருக்கும் துளைகளில் கண்ணை வைத்து, கீழே வயலில் நிற்கும் கொக்கைக் குறிபார்ப்பது எங்கள் விளையாட்டு. மராட்டிய மன்னர் ராஜாராமைப் பிடிக்க வந்த முகலாயப் படை 1690 முதல் 1698 வரை இந்த மதிலுக்கு வெளியேதான் காத்துக் கிடந்தது. பீரங்கியும் வெடிமருந்தும் எங்கள் ஊர்க் கதைகளில் எப்போதும் பெரியவை, கனமானவை, காதைப் பிளப்பவை. அதனால்தானோ என்னவோ, பல ஆண்டுகள் கழித்துச் சென்னையில் ஒரு ரைஃபிள் கிளப்பில் பெரியவர் ஒருவர் முதல் தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்தபோது ஏமாற்றமாக இருந்தது. சுண்டுவிரல் நகத்தைவிடக் குறுகலான ஒன்று. ஈயமுனையில் மெழுகுப் பிசுபிசுப்பு. பித்தளைக் கூட்டின் அடியில் மெல்லிய விளிம்பு.

“இதுதான் டூ டூ, தம்பி. இதுல ஒழுங்கா சுடத் தெரிஞ்சவனுக்கு மத்ததெல்லாம் சத்தம்தான் கூட” என்றார்.

பாயிண்ட் 22 லாங் ரைஃபிள் என்பது அதன் முழுப்பெயர். பெயரில்தான் ரைஃபிள் இருக்கிறது. கைத்துப்பாக்கிக்கும் இதே தோட்டாதான். பெரிய தோட்டாக்களில் அடிப்பாகத்தின் நடுவே ஒரு பொட்டுப்போல வெடிபொடி வைத்திருப்பார்கள். இதில் அந்தப் பொடி விளிம்பின் உட்புற மடிப்புக்குள் சுற்றிலும் பரவியிருக்கும். ஊசி விளிம்பை நசுக்கினால் பொடி வெடித்து மருந்தைப் பற்றவைக்கும். அதனால்தான் இதை ரிம்ஃபயர் என்கிறார்கள். 1845இல் பிரெஞ்சுக்காரர் ஃப்ளோபேர், வீட்டுக்கூடத்திலேயே சுட்டு விளையாடுவதற்காக இந்த வகையைத் தொடங்கிவைத்தார். 1857இல் ஸ்மித் அண்ட் வெஸன் தன் முதல் ரிவால்வரை இதே முறையில் செய்தது. இன்று நாம் சுடும் லாங் ரைஃபிள் தோட்டா 1887இல் வந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் அளவு மாறாமல் நிற்கும் பொருள் எந்தத் தொழிலிலும் அபூர்வம்.

ஈயக்குண்டின் எடை 2.6 கிராம் அளவுக்குத்தான். போட்டித் தோட்டாக்கள் ஒலியின் வேகத்தைத் தாண்டாதபடி மருந்து இடப்பட்டவை. ஆகவே உதை குறைவு, சத்தம் குறைவு. ஆனால் இதன் அருமை கைவலி குறைவதில் மட்டும் இல்லை. பெரிய துப்பாக்கியில் குண்டு தவறிப்போனால் உதையின்மேல் பழியைப் போட்டுவிடலாம். இதில் அது முடியாது. வெடிக்கப்போகிறது என்று தெரிந்ததும் கை முந்திக்கொண்டு பதறுமே, அந்தப் பதற்றம் இலக்குத்தாளில் அப்படியே பதிவாகிவிடும். பெரியவர் எனக்குத் தெரியாமல் மேகசினுக்குள் ஒரு போலித் தோட்டாவைக் கலந்துவைத்தார். விசையை இழுத்தேன். வெடிக்கவில்லை, ஆனால் குழல்முனை இரண்டு விரற்கடை கீழே குத்தியது. உதை இல்லாத இடத்தில் நானே உதைத்திருந்தேன். மேல்மலையனூரில் ஏர்கன்னின் இழுப்பைக் கண்டுபிடித்தவனுக்கு அன்றைக்குத் தன் கையின் இழுப்பு தெரியவந்தது.

முதல் ரிம்ஃபயர் கைத்துப்பாக்கி எது வாங்கலாம் என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் கம்பெனிப் பெயரில் தொடங்குகிறார்கள். எனக்கு மிகயில் மார்கோலின் ஞாபகம்தான் வரும். சோவியத் நாட்டில் துப்பாக்கி வடிவமைத்தவர். இளம் வயதிலேயே இரண்டு கண் பார்வையையும் இழந்தவர். பார்வை இல்லாமல், விரலால் தடவித் தடவி, மாதிரிகளைப் பிசைந்து உருவாக்கி அவர் செய்த பாயிண்ட் 22 பிஸ்டலை உலகப் போட்டிகளில் பல நாட்டு வீரர்கள் பிடித்துச் சுட்டார்கள். குறிபார்ப்பதற்கென்றே இருக்கும் ஒரு கருவியைக் கண் தெரியாத ஒருவர் செய்தார் என்பதில் எனக்கு வியப்பு இன்னும் தீரவில்லை. யோசித்துப் பார்த்தால் அதைவிடப் பொருத்தமான வழியும் இருந்திருக்க முடியாது. துப்பாக்கியை முதலில் அறிவது கை.

பெரியவரும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கச் சொல்லிக்கொடுத்தார். தோட்டா இல்லை என்று இரண்டு முறை சரிபார்த்துவிட்டு, சுடும் திசையில் நிற்க வேண்டும். “கண்ண மூடு. தூக்கு. நிறுத்து. இப்போ திற.” கண்ணைத் திறந்ததும் முன்குறி பின்குறியின் பள்ளத்துக்குள் நடுவில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிடி உங்கள் கைக்கானது. வலப்பக்கமோ கீழேயோ சாய்ந்திருந்தால், ஒவ்வொரு முறை சுடும்போதும் மணிக்கட்டை முறுக்கித்தான் அதை நேராக்கப் போகிறீர்கள். பத்தாவது குண்டுக்குள் மணிக்கட்டு தளர்ந்துவிடும்.

போட்டிப் பிஸ்டல்களின் மரப்பிடியைக் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்க்க வேண்டும். கட்டைவிரலுக்கு ஒரு மேடை, உள்ளங்கை தங்க ஒரு தட்டு, விரலிடுக்குகளுக்கு மேடுபள்ளம். கடையில் வாங்கியபடியே அதை வைத்துக்கொள்கிறவர்கள் குறைவு. உப்புத்தாளால் தேய்ப்பார்கள், இடைவெளி விழுந்த இடத்தில் மரப்பட்டி அப்பிக் காயவைத்து மறுபடி தேய்ப்பார்கள். ஓராண்டு பழகிய பிடியைப் பார்த்தால் அது ஒருவருடைய கையின் அச்சு. மற்றவர் பிடித்தால் அந்நியமாக இருக்கும். ஆனால் தொடக்கக்காரருக்கு இவ்வளவு செதுக்கிய பிடி வேண்டாம் என்பதே என் எண்ணம். கை இன்னும் தன் வழக்கத்தைக் கண்டுகொள்ளாத காலத்தில் பிடியைச் செதுக்கினால் தவறான பிடிப்புக்கு அச்சு வார்த்ததாகிவிடும்.

அடுத்தது விசை. 25 மீட்டர் போட்டிப் பிஸ்டலின் விசை குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டிக்கு முன் நடுவர்கள் குழலை மேல்நோக்கி நிறுத்தி, விசையில் ஒரு கிலோ எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். எங்கள் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நெல் மூட்டை நிறுக்கும்போது தராசையே பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயியின் முகம்தான் அப்போது சுடுநருக்கும். எடை ஒரு பக்கம் இருக்கட்டும். நான் தேடுவது விசையின் குணம். நல்ல விசை விரல் பட்டதும் சிறிது தூரம் இலகுவாக வரும். பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அந்தச் சுவரின்மேல் அழுத்தம் கூடக்கூட, எப்போது உடைந்தது என்று தெரியாமல் உடையும். மண்ணில் உரசுவதுபோல் கரகரத்து இழுபடும் விசையைத் தொட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

குறிகள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் போட்டி விதிப்படி 220 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. அந்தத் தூரத்தில் முன்குறி 1 மில்லிமீட்டர் விலகினால் 25 மீட்டரில் குண்டு 11 சென்டிமீட்டருக்கு மேல் விலகும். நிதானச் சுற்றுத் தாளில் பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவோ 5 சென்டிமீட்டர்தான். ஆகவே குறிகள் அசையாமல் இருப்பது பெரிய விஷயம். 1949இல் வந்த ரூகர் பிஸ்டலும் அதன் வழிவந்த மார்க் வரிசையும் எனக்குப் பிடித்திருப்பது இதனால்தான். சுடும்போது உள்ளே உருளை போன்ற ஒரு பாகம் மட்டும் முன்பின் ஓடும். குழலும் இரண்டு குறிகளும் அப்படியே நிற்கும். வால்த்தர் ஜி.எஸ்.பி. இன்னொரு வகை அழகு: மேகசினை விசைக்கு முன்னால் வைத்து, குழலைக் கைக்கு வெகு அருகில் இறக்கியிருப்பார்கள். இத்தாலியப் பார்தினி நேர்த்தியின் உச்சம். ஆனால் அது இரண்டாவது துப்பாக்கி. முதலாவதாகக் கையில் வருவது சில ஆயிரம் தோட்டாக்கள் தொடக்கக்காரரின் தவறுகளைப் பொறுத்துக்கொள்கிற, கழற்றித் துடைக்க எளிய, இரும்புக் கனமுள்ள ஒன்றாக இருக்கட்டும்.

கனம் என்று சொன்னேன். நம் இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலை 2016இல் கொண்டுவந்த ‘நிடர்’ ரிவால்வரும் பாயிண்ட் 22தான். எடை கால் கிலோ. பையில் வைத்துக்கொள்ள அது நன்மை. தாளில் சுடுகிறவருக்கு நீட்டிய கையின் நடுக்கத்தை அமர்த்த ஒரு கிலோவை ஒட்டிய எடை வேண்டும். ரிவால்வரிலேயே கற்க ஆசைப்படுகிறவர்களை நான் தடுப்பதில்லை. கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னிழுத்து ஒவ்வொன்றாகச் சுடும் அந்த நிதானத்துக்குத் தனி ருசி உண்டு.

நம் நாட்டில் இதெல்லாம் கடைக்குப் போய் எடுத்து வருகிற காரியமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் முதலில் வந்தபோது, அங்கீகாரம் பெற்ற ரைஃபிள் கிளப் உறுப்பினர் இலக்குப் பயிற்சிக்குக் கேட்கும் பாயிண்ட் 22 ரைஃபிளைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. கைத்துப்பாக்கிக்கு அந்தத் தனிவாசல் அப்போது இல்லை. இன்றும் உரிமம் பெற்றாக வேண்டும். அந்தக் காத்திருப்பை நான் குறையாகச் சொல்லமாட்டேன். அதற்குள் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் நிற்கவும் மூச்சைப் பிடிக்கவும் பழகலாம். கிளப் துப்பாக்கிகள் நாலைந்தைக் கைமாற்றிப் பார்க்கலாம். காத்திருந்து வாங்குவது சின்னத் துப்பாக்கிதானே என்று நினைக்க வேண்டாம். லண்டன் ஒலிம்பிக்கில் 2012இல் இந்திய வீரர் விஜய்குமார் 25 மீட்டர் விரைவுப் பிரிவில் வெள்ளி வென்றது இதே சின்னத் தோட்டாவால்தான். அதில் கடைசிச் சுற்றுகளில் ஐந்து இலக்கை நான்கு நொடிக்குள் சுட்டு முடிக்க வேண்டும்.

தோட்டாவைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு குழலுக்கும் ஒரு தோட்டா பிடிக்கும். ஒரே கம்பெனியின் ஒரே பெட்டி என் பிஸ்டலில் நெருக்கமாகவும் நண்பர் பிஸ்டலில் சிதறியும் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். நாலைந்து வகை வாங்கி, கையைத் தாங்கலில் வைத்துச் சுட்டு, தாளில் எழுதிவைத்துக்கொள்வதே வழி. விளிம்புக்குள் பொடி சமமாகப் பரவாமல் போனால் எப்போதாவது ஒன்று வெடிக்காது. அப்போது குழலைத் திருப்பாமல் இலக்கை நோக்கியே அரை நிமிடம் நிற்க வேண்டும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் ஆசையையும் ரிம்ஃபயரில் கட்டுப்படுத்த வேண்டும். பல துப்பாக்கிகளில் ஊசி நேராகக் குழலின் விளிம்பிலேயே போய் அடித்து அதைக் காயப்படுத்திவிடும். சுட்டு முடித்ததும் ஈயக் கரி போகச் சோப்புப் போட்டுக் கையைக் கழுவ வேண்டும்.

அதற்கு முன் காலிக் கூடுகளைப் பொறுக்கி எண்ணிக் கணக்குக் கொடுப்பது எங்கள் கிளப் வழக்கம். முதல் நாள் ஐம்பது கூடுகளைப் பொறுக்கினேன். பெரியவர் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினார். விளிம்பில், ஒரு பால்பல் கடித்ததுபோல, சின்னப் பள்ளம். ஐம்பதிலும் அதே இடத்தில், அதே ஆழத்தில் இருந்தது. தாளில் என் ஓட்டைகள் ஐம்பதும் ஐம்பது இடத்தில் கிடந்தன.

“துப்பாக்கி தன் வேலைய ஒரே மாதிரிதான் செஞ்சிருக்கு, பாத்தியா” என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, திண்டிவனம் வழியாகச் சென்னைக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடித்தேன்.