நீலக்கரை போட்ட கறுப்புப் பட்டு

என் கடல்நீர் மீன்தொட்டியின் விளக்கு முழு வெளிச்சத்துக்கு வந்து ஒரு மணி நேரம் கழிந்த பிறகுதான் நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன். தொட்டியில் தொல்லையாகப் பெருகும் செந்நிறத் தட்டைப்புழுக்கள் அதற்குள் வெளிச்சம் விழும் பாறை மேட்டுக்கு வந்து சேர்ந்திருக்கும். உடம்புக்குள் பாசி வளர்க்கும் ஜீவன்கள், வெயில் காயாமல் இருக்க முடியாது. தூரத்திலிருந்து பார்த்தால் பாறையில் துரு ஏறியதுபோலத் தெரியும். அந்தத் துருவை நோக்கி மணலில் ஒரு கறுப்பு நாடா ஊர்ந்து வரும். அந்தக் காட்சிக்காக எத்தனையோ இரவுச் சாப்பாடுகளை ஆறவிட்டிருக்கிறேன்.

அந்த நாடா ஒரு கடல் நத்தை, கெலிடோனுரா வேரியன்ஸ். கடைக்காரர்களுக்கு 'ப்ளூ வெல்வெட் நூடிபிராங்க்'. அது நூடிபிராங்க் இனமே இல்லை, தலைக்கவச நத்தைகளின் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் வெல்வெட் என்ற சொல்லில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒளியை அப்படியே குடித்துவிடும் கறுப்பு. ஓரம் முழுக்க மின்னும் நீலம், தறியில் நெய்த கரைபோல. கறுப்புப் பட்டுக்கு அதைவிடப் பொருத்தமான கரையை நான் பார்த்ததில்லை. வால் இரண்டாகப் பிளந்து, இடப்பக்கத்து நுனி கொஞ்சம் நீண்டிருக்கும். கெலிடோனுரா என்றால் கிரேக்கத்தில் தகைவிலான் வால். பறக்கும் குருவியின் பெயரை ஊரும் நத்தைக்கு வைத்தவருக்கு நல்ல கண்.

வேரியன்ஸை 1903இல் விவரித்தவர் சார்லஸ் எலியட். பிரிட்டிஷ் கிழக்கு ஆப்பிரிக்காவில் கமிஷனராக இருந்துகொண்டே கடல் நத்தைகளை ஆராய்ந்தவர். இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பற்றி 1921இல் மூன்று தொகுதிகள் வெளியிட்ட அதே எலியட்தான். தென்னாட்டு வைணவத்தைப் பற்றியும் அதில் விரிவாக எழுதியிருக்கிறார். இரண்டும் ஒரே ஆள் என்று தெரிந்த நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி மாளாது.

இனி வேட்டை. மாவு சலிக்கிற கைபோலத் தலை இடமும் வலமும் அசைந்துகொண்டே வரும். வாயின் இரு பக்கமும் பொடிப்பொடியான உணர்மயிர்கள் உண்டு. புழு ஊர்ந்துபோன கோழைத் தடத்தில் அவை பட்டுவிட்டால் போதும், அசைவு நின்றுவிடும். தலை ஒரு பக்கமாகத் திரும்பும். பிறகு அந்தத் தடத்தை விடாது. தடம் வளைந்தால் வளையும், பாறை இடுக்கில் இறங்கினால் இறங்கும். புழுவுக்கு அரை அங்குலம் பின்னால் வந்ததும் சற்றுத் தயங்கும். அடுத்த நொடி வாய்க்குழல் வெளியே பிதுங்கி உள்ளே போகும். புழுவைக் காணோம். பல் கிடையாது, அரத்தைப் போல ராவும் நாக்கும் கிடையாது. மெல்லுவது, கிழிப்பது, சிந்துவது எதுவும் இல்லை. புழுவின் விஷச்சாறு ஒரு சொட்டுகூட நீரில் கலக்காமல் முழுசாக உள்ளே போய்விடுகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தயக்கத்தின் அழகு தெரியும்.

புழுவை ஒழிக்கச் சிக்ஸ்-லைன் ராஸ் மீனை நம்பும் பிரியர்கள் இதைப் படித்துவிட்டுத் தலையசைப்பார்கள், தெரியும். அந்த மீனின் சுறுசுறுப்பை நானும் மதிக்கிறேன். ஒரு கண்ணைத் தனியாகச் சுழற்றிப் பாறையை ஆராய்கிற விதம் அபாரம். ஆனால் அது புழுவைத் தின்னுமா என்பது அந்தந்த மீனின் சுபாவம். ஒன்று தின்னும், அதன் கூடப் பிறந்தது திரும்பிக்கூடப் பார்க்காது. ஆறு மாதம் போனால் தொட்டியே தன் சொத்து என்று புதிதாக வருகிற மீன்களை விரட்டத் தொடங்கிவிடும். மஞ்சள் கோரிஸ் மீன் சாது, மணலில் புதைந்து தூங்கும் நல்ல பிள்ளை. அதனிடமும் அதே நிச்சயமின்மை. மாண்டரின் மீனின் அழகோடு யார் போட்டி போடுவது? ஆனால் அதற்குக் கோபிபோடு என்னும் நுண் ஓடுடலிகள்தான் உயிர். புழுவுக்காக மாண்டரின் வாங்குவது, பரதம் ஆடுகிறவரை அழைத்து வந்து வாசல் பெருக்கச் சொல்வதுபோல. ராஸுக்கோ மாண்டரினுக்கோ புழு கிடைத்தால் தின்கிற பண்டம். வெல்வெட்டுக்கு அது ஒன்றுதான் சோறு. அந்த ஒருமுனைப்பில்தான் எனக்கு இத்தனை மயக்கம்.

அதன் துயரமும் அதுவேதான். புழு தீர்ந்தால் சோறு தீர்ந்தது. சில வாரங்களில் சுருங்கிச் செத்துவிடும். அதனால்தான் முன்பு எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. சிங்கப்பூரில் ரீஃப் தொட்டி வைத்திருந்த பத்துப் பன்னிரண்டு பேருக்குள் ஒரு ஜோடி நத்தை வீடு வீடாகப் போகும். "அண்ணே, உங்க வீட்ல புழு இருக்கா?" என்று ராத்திரி பதினொரு மணிக்குத் தொலைபேசி வரும். இருக்கிறது என்று சொல்வதில் வெட்கம் கிடையாது, விருந்தாளி வருகிறாரே என்ற சந்தோஷம்தான். ஈசூனில் புழு தீர்ந்தால் உட்லண்ட்ஸ், அங்கே தீர்ந்தால் தெம்பனிஸ். வருவதற்கு முன் நீர் சுழற்றும் பவர்ஹெட் வாயில் பஞ்சு கட்ட வேண்டும், நீர் வழியும் ஓவர்ஃப்ளோவுக்கு வலை போட வேண்டும். வந்ததும் சொட்டுச் சொட்டாகத் தொட்டி நீரைக் கலந்து ஒரு மணி நேரம் பழக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை. பார்த்தே கற்றுக்கொண்டோம்.

இப்போது புழு கொல்லும் குப்பி மருந்து வந்துவிட்டது. சொட்டு எண்ணி ஊற்று, அரை மணியில் புழு சுருண்டு விழும். அவசரத்துக்கு அது வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே நேரத்தில் செத்தால் நீர் என்ன ஆகும் என்பதை நான் என் தொட்டியிலேயே பார்த்தேன். முதலில் சைஃபன் வைத்து உறிஞ்சி எடுக்காமல், நஞ்சை உறிஞ்சும் கார்பனும் போதாமல், பொறுமையிழந்து மருந்தை ஊற்றினேன். நீர் செம்மண் கரைத்ததுபோல் ஆயிற்று. ஏழு வருஷம் வளர்த்த கோமாளி மீன் ஜோடி விடிவதற்குள் போய்விட்டது. பெண் மீன் கடைசிவரை தன் அனிமோனை விட்டு நகரவில்லை.

கடைகளைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். ஒரு கடையில் புழுவே இல்லாத கண்ணாடிப் பெட்டியில் எட்டு வெல்வெட்டுகளை அடைத்து வைத்திருந்தார்கள். நீலக்கரை மங்கி, உடம்பு நைந்த நூல்போல் மெலிந்து கிடந்தன. "துப்புரவு நத்தை, எல்லாத் தொட்டிக்கும் நல்லது" என்று ஒரு இளைஞனுக்கு விற்றுக்கொண்டிருந்தார் கடைக்காரர். புழு இருக்கிறதா என்று அந்தத் தம்பியிடம் கேட்கக்கூட இல்லை. நான் கேட்டேன். இல்லை என்றான். வாங்காதே தம்பி என்று சொல்லிவிட்டு, இருந்ததில் திடமாகத் தெரிந்த இரண்டை நானே வாங்கி வந்தேன்.

அவை பதினேழு நாள் இருந்தன. பத்தாம் நாள் ஒன்று நீலமும் பளபளப்புமாகத் தேறிவிட்டது, மற்றதும் பின்தொடர்ந்தது. பதினைந்தாம் நாள் பின்பக்கக் கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுற்றி வைத்ததுபோல் ஒரு முட்டைச் சுருள். பொரிந்தாலும் குஞ்சுகள் நீரில் மிதந்து கழிவு பிரிக்கும் ஸ்கிம்மருக்குத்தான் போகும், தொட்டியில் வளராது. இருந்தும் அந்தப் பக்கம் பாசி வழிப்பதை நிறுத்தி வைத்தேன். பதினேழாம் நாள் மாலை பாறை சுத்தமாக இருந்தது. இரண்டும் தலையை ஆட்டி ஆட்டி வெறும் மணலில் தடம் தேடிக்கொண்டிருந்தன. பழைய நண்பர்கள் ஒவ்வொருவராக அழைத்தேன். நான்காவது ஆள், தெம்பனிஸில் இருப்பவர், சிரித்துக்கொண்டே, "இருக்கு, நிறைய இருக்கு, கொண்டு வாங்க" என்றார். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டி நீரை ஊற்றி, இரண்டையும் இறக்கி, துண்டு சுற்றி மடியில் வைத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினேன்.