குழந்தைக்கு இசை: விளையாட்டு எது, வேடிக்கை எது?

காரைக்கால் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருபவர் காரைக்கால் அம்மையார். அவருடைய குழந்தைப் பருவத்தைப் பாடவந்த சேக்கிழார் ஒரு செய்தியைக் குறிப்பாகச் சொல்கிறார். புனிதவதி என்னும் அச்சிறுமி, தோழியரோடு மணலில் வண்டல் விளையாடும்போதே இறைவனைப் பற்றிய சொற்களைப் பயின்றாளாம். பின்னாளில் அதே அம்மையார் பாடிய மூத்த திருப்பதிகங்கள் இரண்டும் நட்டபாடை, இந்தளம் என்னும் பண்களில் அமைந்தவை. அவற்றுள் ஒரு பாட்டில் சுரங்களின் பழந்தமிழ்ப் பெயர்களையும் இசைக்கருவிகள் பலவற்றின் பெயர்களையும் அவர் அடுக்கிச் சொல்கிறார்.

சேக்கிழார் சொன்னது வரலாறா, பக்திக் கற்பனையா என்பது இங்கே நம் கேள்வி அன்று. குழந்தை விளையாட்டின் வழியாகவே கற்கிறது என்பதை 12ஆம் நூற்றாண்டுக் கவிஞர் ஒருவர் இயல்பான உண்மையாக எடுத்துக்கொண்டார். நாம் கவனிக்க வேண்டியது அதுவே.

இன்று அரசின் ஏடுகளும் இதையே பேசுகின்றன. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், அதனைத் தொடர்ந்து 2022இல் அடிப்படை நிலைக்கென வந்த கலைத்திட்டமும் 3 முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு விளையாட்டு வழிக் கல்வியை வலியுறுத்துகின்றன. இசை வகுப்புகளும் 'விளையாட்டாய்ப் பாடலாம்' என்று அழைக்கின்றன. நல்லது. ஆனால் விளையாட்டு என்ற பெயரில் வருவன எல்லாம் இசையைக் கற்பிக்கின்றனவா? இதனைச் சோதித்துப் பார்க்காமல் கைதட்டி வரவேற்பது அறிவியல் நோக்கு ஆகாது.

ஓர் உரைகல்

பொன்னை உரைத்துப் பார்க்க உரைகல் இருப்பதுபோல், இசை விளையாட்டை உரைத்துப் பார்க்கவும் ஒரு கேள்வி உண்டு. 'குழந்தை தவறு செய்தால், அதைத் தவறு என்று சொல்வது யார்?' என்பதே அக்கேள்வி.

ஆசிரியர்தான் சொல்கிறார் என்றால், அது விளையாட்டுச் சட்டை அணிந்த பாடம். எவருமே சொல்வதில்லை என்றால் அது வெறும் வேடிக்கை. விளையாட்டே அத்தவறைக் காட்டிக் கொடுக்கிறது என்றால், அதுதான் கற்பிக்கும் விளையாட்டு. ஏனெனில் அங்கே விளையாட்டின் விதியும் இசையின் விதியும் ஒன்றாகிவிடுகின்றன.

முதலில் எல்லாப் பள்ளி ஆண்டு விழாக்களிலும் நாம் காணும் இசை நாற்காலியை எடுத்துக்கொள்வோம். பெயரில் இசை இருக்கிறது. ஆனால் குழந்தை கவனிப்பது இசையை அன்று, இசை நிற்பதைத்தான். பாட்டுக்குப் பதிலாகத் தட்டைக் கரண்டியால் தட்டினாலும் ஆட்டம் நடக்கும். தாளம் தப்பி ஓடும் குழந்தையும் வெல்லலாம். முதலில் தோற்ற குழந்தை ஓரமாக உட்கார வேண்டியதுதான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அவரை முதலில் வெளியேற்றும் ஆட்டம் இது! விழா மகிழ்ச்சிக்கு இது போதும். இசைக் கல்வி என்று சொல்லிக்கொள்ள இதற்குத் தகுதி இல்லை.

ஆரம்ப வகுப்புகளில் எழுத்தையும் எண்ணையும் கற்பிக்கப் பாடப்படும் பாட்டுகளும் அப்படியே. அவை மொழிக்கும் கணக்குக்கும் நல்ல துணை. ஆனால் அங்கே இசை ஒரு வண்டி, ஏற்றிச் செல்லும் சரக்கு வேறு. குழந்தை 'ஆனா' என்பதை 'ஈயன்னா' என்று சொன்னால் ஆசிரியர் திருத்துவார். சுருதி விலகினால் எவரும் கவலைப்படுவதில்லை.

கோலாட்டத்தின் கண்டிப்பு

இனி நம் ஊர் ஆட்டம் ஒன்றை உரைத்துப் பார்ப்போம். காரைக்காலிலும் அதனைச் சூழ்ந்த தஞ்சை வளநாட்டிலும் கும்மியும் கோலாட்டமும் தெரியாத தலைமுறை அண்மைக்காலம் வரை இருந்ததில்லை. கோலாட்டத்தில் ஒரு சிறுமி முதல் எண்ணிக்கையில் தன் கோல்களை ஒன்றோடொன்று தட்டுகிறாள். அடுத்த எண்ணிக்கையில் எதிரே நிற்பவளின் கோலோடு தட்டுகிறாள். அரை நொடி பிந்தினால் என்ன ஆகும்? அவள் கோல் காற்றில் வீசும். எவரும் கண்டிக்க வேண்டியதில்லை, கோலே சொல்லிவிடும். அடுத்த சுற்றில் அவளே தன்னைச் சரிசெய்துகொள்வாள்.

பின்னல் கோலாட்டம் இன்னும் கண்டிப்பானது. மேலிருந்து தொங்கும் வண்ணக் கயிறுகளை ஆளுக்கொன்றாய்ப் பிடித்துக்கொண்டு, உள்ளும் வெளியுமாய் மாறி மாறிச் சுற்றி ஆடுவார்கள். ஆட ஆடக் கயிறுகள் சடைபோலப் பின்னிக்கொள்ளும். பிறகு அதே அடவுகளைத் தலைகீழாக ஆடினால் பின்னல் முழுவதும் அவிழ வேண்டும். ஒருத்தி ஓர் அடி தவறினாலும் பின்னல் கோணும், அவிழ்க்கும்போது சிக்கும். தாளத்தில் நேர்ந்த பிழை கயிற்றில் எழுதப்பட்டுவிடுகிறது! இதைவிடச் சிறந்த தேர்வுத்தாள் உண்டா?

கடற்கரைத் தொழிலிலும் இதே விதியைக் காணலாம். தோணியைக் கரையேற்றும்போதும் வலை இழுக்கும்போதும் தமிழகக் கடற்கரை மீனவர்கள் அம்பாப் பாட்டுப் பாடி வந்தனர். ஒருவர் முன்பாட்டுச் சொல்ல, மற்றவர்கள் பின்பாட்டுச் சொல்லி ஒரே கணத்தில் இழுப்பார்கள். தாளம் தப்பினால் தோணி நகராது. அங்கே தோணிதான் ஆசிரியர்.

ஆய்வு சொல்வது என்ன?

உடலை அசைப்பதற்கும் தாளத்தை அறிவதற்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெசிகா பிலிப்ஸ்-சில்வர், லாரல் ட்ரெய்னர் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை தருகிறது. 7 மாதக் குழந்தைகளுக்கு, அழுத்தம் எதுவும் இல்லாத ஒரு தாளத்தைக் கேட்கச் செய்தனர். சில குழந்தைகளை இரண்டிரண்டு தட்டுக்கு ஒருமுறையும், வேறு சிலரை மும்மூன்று தட்டுக்கு ஒருமுறையும் தூக்கித் தூக்கி ஆட்டினர். பிறகு அழுத்தம் சேர்த்த தாளங்களை ஒலித்தபோது, எந்தக் கணக்கில் ஆட்டப்பட்டனவோ அந்தக் கணக்கில் அமைந்த தாளத்தையே அக்குழந்தைகள் நீண்ட நேரம் விரும்பிக் கேட்டன. பிறர் ஆடுவதை வெறுமனே பார்த்திருந்த குழந்தைகளிடம் இந்த விருப்பம் தோன்றவில்லை. அதாவது, நாம் தாளத்தைக் காதால் மட்டும் கேட்பதில்லை, உடலாலும் கேட்கிறோம். மடியில் வைத்துச் 'சாய்ந்தாடு' என்று ஆட்டும் நம் தாய்மார்கள் செய்வது வெறும் கொஞ்சல் அன்று என்பது விளங்குகிறதல்லவா?

2009இல் செபாஸ்டியன் கிர்ஷ்னர், மைக்கேல் தோமசெல்லோ என்னும் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினர். இரண்டரை முதல் நாலரை வயது வரையுள்ள சிறுவர்கள், இயந்திரத்தோடு சேர்ந்து தட்டுவதைவிட மனிதர் ஒருவரோடு சேர்ந்து முரசு தட்டும்போது தாளத்தோடு நன்றாகப் பொருந்துகிறார்கள். கைப்பேசியில் தாளம் ஒலிக்கவிட்டுக் குழந்தையைத் தனியே தட்டச் சொல்லும் பெற்றோர் இதனைக் கவனிக்க வேண்டும். எதிரே ஒரு தோழி நிற்பது கோலாட்டத்துக்கு அழகு மட்டுமன்று, அதன் கல்வி முறையே அதுதான்.

மேனாட்டு முறைகள்

மேனாட்டு முறைகளையும் இதே உரைகல்லில் உரைப்போம். சுவிட்சர்லாந்தின் ஜாக்-தால்குரோஸ் (1865-1950) ஜெனீவாவில் இசை கற்பித்தபோது, ஏட்டில் தேர்ந்த மாணவர்கள் தாளத்தில் தடுமாறுவதைக் கண்டார். அவர்களை இசைக்கேற்ப நடக்கவும் கைவீசவும் செய்தார். கால் பிந்தினால் மாணவனுக்கே தெரிந்துவிடும். இது தேறுகிறது.

ஜெர்மானியரான கார்ல் ஓர்ஃப் (1895-1982) வகுத்த முறையில், தட்டி இசைக்கும் கட்டைக் கருவிகளில் சில கட்டைகளை எடுத்துவிட்டு ஐந்து சுரங்களை மட்டும் வைப்பது வழக்கம். நம் மோகனத்தைப் போன்ற அடுக்கு அது. எந்தக் கட்டையைத் தட்டினாலும் காதுக்கு இனிமையாகவே இருக்கும். கூச்சமுள்ள குழந்தைக்குத் துணிவு தர இது மிக நல்ல வழி. ஆனால் அதுவே குறையும் ஆகும். தவறே செய்ய முடியாத இடத்தில் சரி எது என்பதும் தெரியாது. எடுத்த கட்டைகளை மீண்டும் வைக்கும் ஆசிரியர் கையில் இம்முறை கல்வி. அதை மறந்தவர் கையில் வேடிக்கை.

ஹங்கேரியின் சோல்தான் கொதாய் (1882-1967), தம் நாட்டுச் சிறுவர்களின் விளையாட்டுப் பாட்டுகளையே பாடமாக்கினார். அவர் வழி வந்த ஆசிரியர்கள் ஆடும் ஆட்டம் ஒன்று எளியது. எல்லோரும் பாடிக்கொண்டிருக்கும்போது ஆசிரியர் கையை மூடுவார். குழந்தைகள் வாயை மூடி மனத்துக்குள்ளேயே பாட்டைத் தொடர வேண்டும். கையைத் திறந்ததும் வாய்விட்டுப் பாட வேண்டும். மனத்துக்குள் ஓடியவர், பிந்தியவர் யார் என்பது அந்தக் கணத்திலேயே வெளிப்படும். செலவில்லாத இந்த ஆட்டத்தை நம் கும்மியிலும் ஆடலாம்.

சுருதிக்கு வழி என்ன?

ஆனால் ஒரு குறையை மறைக்கக் கூடாது. கும்மியும் கோலாட்டமும் லயத்தைத்தான் கற்பிக்கின்றன. சுருதி தப்பிப் பாடினாலும் கோல்கள் சரியாகவே மோதும். சுருதிக்கு வேறு ஆட்டம் வேண்டும்.

1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து, போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கிய மரியா மாண்டிசோரி அம்மையாரின் பள்ளிகளில் மணிகள் சில உண்டு. வடிவில் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும், ஒலியில் மட்டும் வேறுபடும். ஒரே ஒலியுடைய இரண்டிரண்டு மணிகளைக் குழந்தை தேடிச் சேர்க்க வேண்டும். கண்ணுக்கு வேலையில்லை. காதுதான் நடுவர்.

அம்மணிகள் விலை உயர்ந்தவை. நமக்கு ஜலதரங்கம் இருக்கிறதே! ஒரே அளவுள்ள பீங்கான் கிண்ணங்கள் சிலவற்றில் வெவ்வேறு அளவு நீர் ஊற்றுங்கள். குச்சியால் தட்டினால், நீர் மிகுந்த கிண்ணம் தாழ்ந்த ஒலி தரும். கிண்ணத்தோடு நீரும் சேர்ந்து அதிர வேண்டியிருப்பதால் அதிர்வு மெதுவாகிறது. இதே நீரைக் குறுகிய வாயுள்ள புட்டியில் ஊற்றி வாயருகே ஊதினால் நேர்மாறு. நீர் கூடினால் காற்றறை குறுகி ஒலி உயரும். குழந்தைகளையே கண்டறியச் செய்யுங்கள். பிறகு ஒருவன் திரைக்குப் பின் ஒரு கிண்ணத்தைத் தட்ட, மற்றவன் தன் கிண்ணத்தில் நீரைக் கூட்டியும் குறைத்தும் அதே ஒலியைப் பிடிக்கட்டும்.

பிடித்துவிட்டான் என்று எப்படித் தெரியும்? நெருங்கிய இரு ஒலிகள் ஒன்றாக ஒலிக்கும்போது, ஒலி ஏறி இறங்கி ஏறி இறங்கிக் கேட்கும். இயற்பியலில் இதனை விம்மல் என்கிறோம். ஓர் ஒலியின் அதிர்வெண் 256 ஹெர்ட்ஸ், மற்றது 260 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 4 விம்மல்கள். வேறுபாடு குறையக் குறைய விம்மலும் மெதுவாகி, ஒன்றிய கணத்தில் மறைந்துவிடும். கிண்ணத்தின் ஒலி சட்டென அடங்குவதால் தம்புராவின் தந்திகளில் இதனை இன்னும் தெளிவாகக் கேட்கலாம். இங்கே தவறைச் சொல்வது இயற்கையே.

சரளி வரிசை குற்றவாளியா?

அப்படியானால் புரந்தரதாசர் (1484-1564) வகுத்தார் என்று போற்றப்படும் சரளி வரிசையைத் தள்ளிவிடலாமா? கூடாது. குறை வரிசையில் இல்லை, கற்பிக்கும் வகையில் இருக்கிறது. சுருதிப் பெட்டி ஒரு மூலையில் முனகிக்கொண்டிருக்க, ஆசிரியர் உரக்கப் பாட, குழந்தை அவர் குரலைப் பின்தொடர்கிறது. சுருதியைக் கேட்பதே இல்லை. ஆசிரியர் நிறுத்தினால் குழந்தையும் நின்றுவிடும். 'குரல் இல்லை' என்று சொல்லி அக்குழந்தையை அனுப்பிவிடுகிறோம். இல்லாதது குரலா, கேட்கும் பயிற்சியா?

அதே வரிசையை வட்டமாய் அமர்ந்த எட்டுக் குழந்தைகளுக்குப் பந்துபோலக் கொடுத்துப் பாருங்கள். ஆதி தாளத்தின் எட்டு எண்ணிக்கைக்கு ஆளுக்கொரு சுரம். ஒருத்தி விட்ட இடத்தில் அடுத்தவள் பிடிக்க வேண்டும். பிந்தினால் தாளம் காட்டும். விலகினால் முன்னும் பின்னும் வரும் சுரங்கள் காட்டும். காரைக்கால் 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமாகி 1954 வரை அவர்கள் ஆட்சியில் இருந்த ஊர். அந்தப் பிரெஞ்சு முறையில் 'தோ' என்னும் முதல் சுரம் மாறாத ஓரிடத்தில் நிற்பது. நம் 'ச' அப்படியன்று. குழந்தையின் குரல் எங்கே இயல்பாய் நிற்கிறதோ, அங்கே அதை வைத்துக்கொள்ளலாம். விளையாட்டுக்கு இதைவிட ஏற்ற இசை முறை ஏது?

விளையாட்டால் எல்லாம் வந்துவிடும் என்பது மிகை. ஒரு கமகத்தின் நெளிவு குருவின் எதிரே அமர்ந்து, கேட்டுக் கேட்டுத்தான் வரும். ஆனால் அந்த வாசல்வரை குழந்தையைக் காலும் காதும் பழகியவளாய் அழைத்து வருவது விளையாட்டின் வேலை. திரும்பத் திரும்பச் செய்வது சலிப்பு என்கிறோம். ஒரே கும்மியை நூறுமுறை சுற்றிவிட்டு 'இன்னும் ஒரு தரம்' என்று கேட்பவளும் அதே குழந்தைதானே!

ஆகவே பெற்றோரும் ஆசிரியரும் ஓர் இசை வகுப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே பொம்மைகள் எத்தனை, வண்ணங்கள் எத்தனை என்று எண்ண வேண்டாம். தாளம் தப்பிய குழந்தை அதைத் தானே உணர்ந்து, வெட்கமின்றிச் சிரித்து, மறுபடியும் சேர்ந்துகொள்கிறதா என்று பாருங்கள். சேர்ந்துகொண்டால் அங்கே இசை கற்பிக்கப்படுகிறது. பொம்மைகளும் வண்ணங்களும் கிடைக்காத ஊர்களில் இரண்டு கோல்கள் போதும்.